பிஸ்கட்டுக்கு மூன்று தடவை

டீச்சர் இறந்துபோன செய்தியைத் தோட்டத்து அம்மணிதான் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கூடவே ஒரு படம். வெள்ளை முடி, கண்ணாடி, மடியில் ஒரு பூனை. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் அடையாளம் தெரியவில்லை. காது மட்டும் அதே காது. வெயில் பட்டால் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துபோகும் காது.

எல்லோரும் கும்பிடு போட்டீர்கள். நானும் போட்டேன். அப்புறம் ஒவ்வொருவராக ஞாபகத்தை எழுதினீர்கள். ஒருவருக்கு அவர் ஓட்டிய சைக்கிள். ஒருவருக்கு அவர் சேலை கட்டிக்கொண்டு வந்து வரப்பில் தடுக்கி விழுந்தது. நீ மட்டும் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டீர்கள்.

எனக்கு எழுத்து வேகமாக வராது. ஆறாம் வகுப்போடு நின்றவள். இதை நோட்டில் எழுதி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அடித்து அனுப்பச் சொல்கிறேன். நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வயதில் இதையெல்லாம் இனி தள்ளிப்போட முடியாது.

அவர் தை முடிந்து வந்தார். சித்திரையில் போனார். மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. ஆனால் எனக்கு நீளமான காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். மில்லில் நின்ற இருபத்தாறு வருடம் அதற்கு அப்புறம்தான்.

எதற்கு வந்தார் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க என்றார் பெரிய வாத்தியார். வேவு பார்க்க என்றார் டீக்கடைக்காரர். அவர்கள் ஊரில் மாப்பிள்ளை கிடைத்திருக்காது என்று பருத்தி எடுக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். தோட்டத்து அம்மணியின் அப்பா தோட்டத்துக்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வகுப்பு, தோட்டத்துக்காரரின் பருத்திக் குடோனில். பள்ளிக்கூடம் விட்டதும் நாம் அங்கே ஓடுவோம். சாக்கு விரித்து உட்காருவோம். குடோன் முழுக்கப் பருத்திக்கொட்டை வாசம். எண்ணெயும் மண்ணும் கலந்த வாசம். இன்றைக்கும் மாட்டுத் தீவனக் கடைப் பக்கம் போனால் எனக்கு ஏ, பி, சி, டி ஞாபகம் வரும்.

முதல் நாள் பெரிய வாத்தியார் பக்கத்தில் நின்று அவர் பேசுவதைத் தமிழில் சொன்னார். டீச்சர் இரண்டு வார்த்தை பேசுவார். வாத்தியார் அதை அரை மணி நேரம் சொல்வார். ஒழுக்கம், தலை வாருதல், பெரியவர்களுக்கு எழுந்து நிற்பது எல்லாம் அதில் வரும். டீச்சர் ஆச்சரியமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் வாத்தியாரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அதன்பிறகு அவருக்கும் நமக்கும் நடுவில் ஆள் இல்லை.

அவர் ஊர் பின்லாந்து. உருண்டை வரைந்து அதன் உச்சியில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். இங்கிலீஷ் அவர் பாஷை இல்லை. அன்றைய நம் வயதில் அவரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். சில நேரம் ஒரு வார்த்தை வராது. கூரையைப் பார்ப்பார். கண்ணை மூடுவார். நாமும் அவரோடு கூரையைப் பார்ப்போம். வந்துவிட்டால் சிரிப்பார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. டீச்சருக்கே மறக்கிறது என்றால் நமக்கு மறந்தால் தப்பில்லை. நம் பள்ளிக்கூடத்தில் மறந்தால் அடி.

பனி என்றால் என்ன என்று காட்டுவதற்காக ஒருநாள் குடோன் மூலையில் இருந்த பஞ்சை இரண்டு கையாலும் அள்ளி மேலே வீசினார். நம் தலையெல்லாம் வெள்ளை. சிரித்தோம். அப்புறம் எல்லோரும் இருமினோம். அவரும் இருமினார். பஞ்சை வீணாக்கியதற்குத் தோட்டத்துக்காரர் மனைவி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

ஆஜர் எடுப்பதுதான் முதல் பாடம். பெயரைக் கூப்பிடுவார். எழுந்து, நெஞ்சில் கை வைத்து, ஐ ஆம் ஹியர் என்று சொல்ல வேண்டும். எனக்குக் குரல் வராது. வீட்டில் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. பொட்டைப்பிள்ளை குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று வளர்த்தவர்கள் நம் அம்மாக்கள். நான் சொன்னால் முன்னால் இருப்பவளுக்கே கேட்காது. டீச்சர் கேட்காத மாதிரி காதில் கை வைத்துக்கொண்டு பின்னால் போவார். குடோன் வாசலைத் தாண்டிப் போவார். களத்துக்குப் போய் நிற்பார். அங்கிருந்து என் பெயரைக் கூப்பிடுவார். அவர் காதில் விழும்வரை நான் கத்த வேண்டும். ஒரு மாதத்தில் களத்துக்குக் கேட்கும்படி கத்தினேன்.

ஐ ஆம் ஹியர். எனக்கு இன்றைக்கும் தப்பில்லாமல் வரும் இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

இனி பிஸ்கட் விஷயம். இது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

கோயமுத்தூர் போய் வரும்போது ஒரு நீல நிறத் தகர டப்பா நிறைய பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். மேலே சர்க்கரை தூவியது. மூடியைத் திறந்ததும் நெய் வாசம். வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தார். முதலில் இருந்தவள் "வேண்டாங்க டீச்சர்" என்றாள். அடுத்தவள் "வேண்டாங்க." நானும் "வேண்டாங்க." முப்பது பேரும் வேண்டாங்க. வேறு என்ன சொல்வோம். நீட்டியதும் பிடுங்கிக்கொள்ளப் பசித்த வீட்டுப் பிள்ளைகளா நாம். ஒருவர் கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் அட, எடுத்துக்கோ கண்ணு என்று சொல்வார்கள். இன்னொரு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கையைப் பிடித்துத் திணிப்பார்கள். வாங்கிக்கொள்வோம். அப்படித்தான் நமக்குப் பழக்கம்.

டீச்சர் டப்பாவை மூடிவிட்டார். மூடி பொருந்திய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

வெளியே வந்து சண்டை.

"உன்னாலதான் புள்ள. நீ மொதல்ல வேண்டாங்காம இருந்திருக்கோணும்."

"நீ வாங்கியிருக்கறதுதான. உன்ற கையை ஆரு புடிச்சா?"

"எனக்கென்ன, நாங்க ஊட்டுல தின்னாததா?"

"தின்ன மூஞ்சியப் பாரு."

அடுத்த நாள் நான் சீக்கிரம் போனேன். டீச்சர் குடோன் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது வார் அறுந்திருந்தது. மூட்டை தைக்கும் ஊசியும் சணலும் உள்ளே இருந்தன. எடுத்து வந்து தைத்தேன். தைத்துக்கொண்டே சொன்னேன். தமிழில் சொன்னால் புரியாது. இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்று பருத்திக்கொட்டை எடுத்து வரிசையாக வைத்தேன். பிஸ்கட் நீட்டுகிற மாதிரி கையை நீட்டினேன். முதல் கொட்டையைத் தொட்டு, "ஒன் டைம், நோ" என்றேன். இரண்டாவதைத் தொட்டு, "டூ டைம், நோ." மூன்றாவது, "த்ரீ டைம், எஸ்."

அவர் கொட்டைகளையே பார்த்தார். "வொய்?" என்று கேட்டார்.

நான் மறுபடி மூன்று கொட்டையையும் தொட்டுக் காட்டினேன்.

அவர் ஒரு கொட்டையை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்தார். "மை கன்ட்ரி, ஒன் டைம்" என்றார். அவர்கள் ஊரில் ஒரு தடவைதான் கேட்பார்களாம். ஒரு தடவைதான் பதில். வேண்டாம் என்றவரை மறுபடி கேட்டால் அது மரியாதைக் குறைவாம். இதை அவர் கையாலும் தலையாலும் சொல்லி எனக்குப் புரிய அரை மணி ஆயிற்று. புரிந்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஊரில் பிள்ளைகள் எப்படித்தான் வயிறு நிறையச் சாப்பிடுவார்களோ என்று நினைத்தேன்.

பையில் இருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மூன்று வட்டம் போட்டு, பக்கத்தில் பிஸ்கட் ஒன்று வரைந்தார்.

அன்றிலிருந்து அது விளையாட்டாகிவிட்டது. டப்பாவைத் திறந்து "வேணுமா?" என்பார். நாம் எல்லோரும் சேர்ந்து "வேண்டாங்க." மறுபடி "வேணுமா?" "வேண்டாங்க." மூன்றாவது "வேணுமா?" என்று முடிப்பதற்குள் முப்பது கை. சொல்லிக் கொடுத்தது நான் என்று எனக்குள் ஒரு பெருமை. யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

செரிங்க, வாரேனுங்க, போதுமுங்க எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எது சொன்னாலும் கடைசியில் ங்க போடச் சொன்னேன். கழுதையைப் பார்த்தும் "கழுதைங்க" என்றார்.

என் அம்மா தோட்டத்துக்காரர் காட்டில் பருத்தி எடுத்தாள். அப்பா நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் அம்மா, நான் இரண்டு பேர்தான். டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கம்மஞ்சோறும் மோரும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா தமிழிலேயே பேசினாள். அவர் இங்கிலீஷிலேயே பேசினார். எனக்கு நடுவில் வேலை இல்லை. அம்மாவின் விரல்களைப் பார்த்தார். காய்ந்த பருத்தி ஓடு கிழித்த விரல்கள். பையிலிருந்து ஒரு களிம்பு டப்பி எடுத்து அம்மாவின் கையில் தடவிவிட்டார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் அம்மாவுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். கையைக் குவித்தால் மேலிருந்து ஊற்றுவார்கள். அந்தக் கையை ஒருவர் பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் அம்மா வெகுநேரம் கையை மோந்து பார்த்தாள்.

"தாழம்பூ மாதிரி இருக்குது கண்ணு" என்றாள்.

மறுநாள் தோட்டத்துக்காரர் மனைவி டீச்சரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் டீச்சர் மாடியில் சாப்பிடவில்லை. பஸ் ஏறிப் பெரியநாயக்கன்பாளையம் போய் ரொட்டி வாங்கி வந்து வைத்துக்கொண்டார்.

பங்குனியில் அந்தப் பேச்சு வந்தது. கோயமுத்தூரில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பெரிய டீச்சரை இவருக்குத் தெரியும். காசில்லாமல் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். ஒரே ஓர் இடம். டீச்சர் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். சித்திரையில் இவர் ஊருக்குப் போகிறார். போகும் அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போய், பெரிய டீச்சர் முன்னால் நிறுத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்படியே விமானம் பிடிக்க ரயில் ஏறிவிடுவார். அன்று நான் போகாவிட்டால் இடம் வேறொருவருக்கு.

பெரிய வாத்தியாரைக் கூட்டி வந்து அம்மாவிடம் இதைச் சொன்னார். அம்மா தலையைக் குனிந்து கேட்டாள்.

"ஆகட்டுங்க" என்றாள்.

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலண்டரை நீட்டி அந்தத் தேதியில் வட்டம் போட்டார். அம்மாவுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. தேதி ஏறி இறங்கினால் என்ன, அடுத்த வாரம் கூட்டிப் போவார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள். விமானம் ஒருவருக்காக நிற்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும். வாத்தியார் அதைச் சொல்லவில்லை. பெண் பிள்ளையின் பொறுப்புகள் பற்றித்தான் நிறையச் சொன்னார்.

அனுப்ப அவளுக்கு மனம் இருந்தது. அதை நான் உறுதியாகச் சொல்வேன். எனக்கென்று ஒரு தகரப் பெட்டி வாங்கினாள். என் இரண்டு பாவாடையையும் துவைத்து, சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்து மடித்து வைத்தாள். போகும் பிள்ளைக்கு என்று எள்ளு இடித்து உருண்டை பிடித்தாள்.

"அங்க போயிப்போட்டு அம்மாவ மறந்துருவியா?"

"மாட்டேன்."

"மறந்தாலும் செரி. படி."

டீச்சர் போவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் வயதுக்கு வந்தேன்.

நம்மில் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழுவில் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். மாமன் வந்து பச்சைத் தென்னை ஓலை வெட்டி, வீட்டுக்கு மேற்கே குடிசை கட்டினார். அதில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு, ஒரு பாய். சீர் செய்து தண்ணீர் ஊற்றும்வரை அதற்குள்தான். ஆண்கள் கண்ணில் படக் கூடாது.

"குரல் வெளிய கேக்கப்படாது கண்ணு" என்றாள் அம்மா. "மூணு வாரம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்."

"டீச்சர் வருவாங்களே."

"வந்தா சொல்லிக்கலாம். சீரு முடிஞ்சு போனாப் போச்சு."

நான் நம்பினேன்.

அவர்கள் காலையில் வந்தார்கள். தோட்டத்துக்காரர் காரின் சத்தம். மண் வாசம் ஓலைக்குள் வந்தது. ஓலை புதிது, இடுக்கு அதிகம். தரையோடு கன்னம் வைத்தால் கால்கள் தெரியும். வாத்தியாரின் வேட்டிக் கரை. ஒரு சின்னப் பெண்ணின் வெள்ளைக் கொலுசு. அது தோட்டத்து அம்மணி. வழி அனுப்ப டீச்சரோடு வந்திருந்தார். அப்புறம் அந்தச் செருப்பு. இடது வாரில் என் சணல் தையல்.

பத்தடி இருக்கும். அதற்கு மேல் இல்லை.

"ஏனுங்க, டீச்சரு வந்திருக்காங்க. புள்ளயக் கூட்டிட்டுப் போறதுக்கு" என்றார் வாத்தியார்.

முற்றத்தில் அம்மாவின் விளக்குமாறு சத்தம் நின்றது. ஓர் ஆண்பிள்ளை முன்னால், அதுவும் வாத்தியார் முன்னால், அந்த வார்த்தையை எப்படிச் சொல்வாள்.

"புள்ள ஊருல இல்லைங்க" என்றாள். "மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க."

வேட்டிக் கரை திரும்பியது. வாத்தியார் குடிசையைப் பார்க்கிறார். பச்சை ஓலை பார்த்தால் நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா. அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். தொண்டையைச் செருமினார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், சின்ன வயதுப் பெண்ணிடம், அதை அவர் எந்த வாயால் சொல்வார்.

"கேர்ள் நாட் ஹியர்" என்றார்.

கொலுசு அசையவில்லை. தோட்டத்து அம்மணிக்கும் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பெரியவர்கள் மறைப்பதை எப்படிச் சொல்லும். அங்கே நின்ற எல்லோருக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். டீச்சரைத் தவிர.

டீச்சர் என் பெயரைச் சொன்னார். ஆஜர் எடுக்கும் அதே குரலில். சொல்லிவிட்டு, "நாட் ஹியர்?" என்றார்.

ஒரு தடவை.

நான் எழுந்து மண்டி போட்டேன். நெஞ்சில் கை வைத்திருந்தேன். அது தானாகப் போயிருந்தது. களத்துக்குக் கேட்கும்படி கத்தத் தெரிந்தவள் நான். பத்தடி ஒன்றும் தூரமில்லை. ஆனால் அம்மா கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதோடு, எனக்கு அவசரமும் இல்லை. இன்னும் இரண்டு தடவை கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"செரிங்க" என்றார் டீச்சர்.

நான் சொல்லிக் கொடுத்த செரிங்க.

செருப்பு திரும்பியது. நின்றது. பை திறக்கும் சத்தம். தகரத்தில் நகம் படும் சத்தம். அந்த நீல டப்பாவை அம்மாவிடம் நீட்டியிருக்கிறார்.

"வேண்டாங்க" என்றாள் அம்மா.

"வேணுமா?" என்றார் டீச்சர்.

"வேண்டாங்க. அதெல்லாம் என்னத்துக்குங்க."

"வேணுமா?" என்றார் டீச்சர்.

அம்மா வாங்கிக்கொண்டாள்.

கார் கதவு சாத்தும் சத்தம். அப்புறம் விளக்குமாறு. அம்மா விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

கார் கோயமுத்தூர் போகிறது. காரில் ஒரு பிள்ளை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது. யாரும் திட்டம் போட்டதில்லை. அந்த இடம் தோட்டத்து அம்மணிக்குப் போயிற்று. அவர் வீட்டில் பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள். நன்றாகப் படித்தார். பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எனக்கு அவர் மேல் வருத்தம் கிடையாது. இதை அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சீர் முடிந்து குடிசையைக் கொளுத்தினார்கள். பச்சை ஓலை காய்ந்து வெடித்து எரிந்தது. உள்ளே வந்ததும் டீச்சர் எப்போது வருவார் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் போய் வாத்தியாரைக் கேட்டாள். திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

"அவங்க சீமைக்கே போயிட்டாங்களாமா" என்றாள். அப்புறம் தீயைத் தள்ளிக்கொண்டே, "இன்னொருக்காக் கேப்பாங்கன்னு இருந்தேன் கண்ணு. வாத்தியார அக்கட்டால போகச் சொல்லிப்போட்டு, காதுல சொல்லிக்கலாமுன்னு இருந்தேன். அவங்க கேக்கவே இல்லை" என்றாள்.

சாகும்வரை அதைப் பற்றி அவள் வேறொரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் நின்றது. வயதுக்கு வந்த பிள்ளை ஆண் வாத்தியார்களிடம் படிக்கப் போக வேண்டாம் என்றார் மாமன். அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனேன். அப்புறம் மில். டப்பாவிலிருந்த பிஸ்கட்டை எறும்பு தின்றது. அடியில் டீச்சர் வரைந்த அட்டைகள் இருந்தன. மரம், மீன், குடை. ஒரு பக்கம் இங்கிலீஷ். மறுபக்கம், நான் சொல்லச் சொல்ல அவர் கோணல் கோணலாக எழுதிய தமிழ். அம்மா டப்பாவில் கடுகு போட்டு வைத்தாள். ரோடு அகலப்படுத்த வீட்டை இடித்தபோது டப்பாவும் அட்டைகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. இரண்டு நாள் தேடினேன்.

டீச்சர் என்ன நினைத்துக்கொண்டு ரயில் ஏறியிருப்பார். இதைத்தான் நான் மில்லில் அறுந்த நூலை முடிந்துகொண்டே நினைப்பேன். எனக்கு வர விருப்பமில்லை, அதனால் ஓடி ஒளிந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை என்று நினைத்திருப்பார். விருப்பமில்லாதவர்களை மறுபடி கேட்பது மரியாதையில்லை என்று பேசாமல் போய்விட்டார். அவர் வளர்ந்த முறை அது. பிஸ்கட்டுக்கு மட்டும்தான் மூன்று தடவை கேட்டார். அதை அவர் நோட்டில் எழுதி, பக்கத்தில் படம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

தப்பு வாத்தியாருடையது என்று ரொம்ப நாள் நினைத்தேன். அம்மாவுடையது என்று சில நாள். இப்போது அப்படி இல்லை. அவருக்கு நம் ஊரைச் சொல்லிக் கொடுத்தவள் நான். பிஸ்கட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது.

நான் இருக்கும் வீதியில் இப்போது ஒடிசாக்காரர்கள் நிறைய. பட்டறைகளில் வேலை. சாயங்காலம் அவர்கள் பிள்ளைகள் நான்கைந்து பேர் என் வாசலுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் தமிழ் புரியாமல் முழிக்கிற பிள்ளைகள். மரம், மீன், குடை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். முறுக்கை நீட்டினால் முதல் தடவையே வாங்கிக்கொள்கிறார்கள். நல்லது. நான் அவர்களுக்கு நம் பழக்கத்தைச் சொல்லித் தரவில்லை.

இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

ஏழெட்டு வருடம் முன்னால், நம் கூட்டத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் தோட்டத்து அம்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர் எனக்கு எழுதுன லெட்டரெல்லாம் வெச்சிருக்கறன்" என்றார். "ஒண்ணு ரெண்டுல உன்னப் பத்திக் கேட்டிருக்காங்க. எடுத்துட்டு வரட்டுமா? பாக்கறயா?"

எனக்குக் கை சோற்றில் நின்றுவிட்டது.

"வேண்டாங்க அம்மணி" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். மோர் வந்தது. பேச்சு பேரப்பிள்ளைகள் பக்கம் போயிற்று. வெளியூர்களில் வெகுகாலம் வேலை பார்த்தவர். நம் பழக்கம் மறந்திருக்கும். அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்களில் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. நானாகக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது டீச்சர் இல்லை. கடிதங்கள் இருக்கும்.

அம்மணி, அன்றைக்குப் பந்தியில் நான் வேண்டாம் என்று சொன்னது முதல் தடவைதாங்க.